மட்டுறுத்துனர் வரவில்லை

வில்லாபுரத்தில் நான் வேலை பார்த்த டி.டி.பி. கடையில் மதியம் ஒன்றரை மணியிலிருந்து நான்கு மணி வரை யாரும் வரமாட்டார்கள். முதலாளி சாப்பிட்டுவிட்டுத் தூங்க வீட்டுக்குப் போய்விடுவார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று காலையில் வந்த கையெழுத்துத் தாள்களை அதற்குள் அடித்து முடித்திருப்பேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கடை டெலிபோன் லைனில் இணையத்துக்கு மோடத்தைப் போடுவேன். அது கொஞ்ச நேரம் கத்தி அடங்கும். அதற்குப் பிறகுதான் எனக்குப் பேச ஆள் கிடைக்கும். பேச என்று சொல்வது தப்பு. மற்றவர்கள் பேசுவதை உள்ளே விடுவதுதான் என் வேலை.

அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. பத்தாவதோடு நின்றவள். கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறை. எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். தமிழைச் சரியாக எழுத நான் கற்றுக்கொண்டது பள்ளிக்கூடத்தில் இல்லை, ப்ரூஃப் தாள்களில்தான். எழுதுவது வரும், பேசத்தான் வராது. புது ஆள் எதிரே நின்றால் வாய் ஒட்டிக்கொள்ளும். கடைக்கு வருகிறவர்களிடம் "நாளைக்கு வாங்க" என்பதற்கு மேல் நான் பேசியதாக ஞாபகம் இல்லை.

வெளிநாட்டில் வேலை பார்த்த மதுரைக்காரர் ஒருவர் தங்கை கல்யாணப் பத்திரிகை அடிக்க எங்கள் கடைக்கு வந்திருந்தார். மதுரை வட்டாரத்து வரலாறு பேச இணையத்தில் ஒரு மடற்குழு ஆரம்பித்திருந்தார். ஒருவர் எழுதும் மடல் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் போய்ச் சேரும். பழைய கல்வெட்டு, கண்மாய், கோட்டைச் சுவர், ஊர்ப் பெயர் என்று பேச்சு நடக்கும். அவருக்கு ஒரு தொல்லை இருந்தது. அந்தக் காலத்தில் ஆளுக்கு ஒரு ஃபான்டில் தமிழ் அடிப்பார்கள். ஒருவர் அடித்தது மற்றவர் திரையில் கோழி கிளறிய மாதிரி தெரியும். எங்கள் கடையில் எல்லா ஃபான்டும் இருந்தது, ஒன்றை இன்னொன்றாக மாற்றவும் எனக்குத் தெரியும்.

"நீங்க பாத்துக்கங்கக்கா. வர்ற மடலைத் திறந்து, எழுத்த மாத்தி, உள்ள விட்டுருங்க. அம்புட்டுத்தேன்" என்றார்.

அம்புட்டுத்தான் என்று நானும் நம்பினேன். குழுவில் என் பெயர் கிடையாது. மட்டுறுத்துனர் என்று மட்டும் இருக்கும். சண்டை வராமல் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு இணையத்தில் அப்படித்தான் பெயர். எல்லோரும் என்னை ஆண் என்று எடுத்துக்கொண்டார்கள். "ஐயா" என்பார்கள், "அண்ணே" என்பார்கள். நான் மறுக்கவில்லை. மறுக்கவும் ஒரு மடல் எழுத வேண்டுமே.

முதலாளிக்கு என்னைவிட வயது குறைவு. தூங்கி எழுந்து வந்ததும் கேட்பார். "யக்கா, பாண்டிய ராசா லைன விட்டு எறங்கிட்டாரா? எங்க மாமனாரு ரெண்டு மணி நேரமா போன் போட்டுப் பாக்குறாராம். கடைக்கு என்னய்யா அம்புட்டு யாவாரம்னு கேக்குறாரு." நான் சிரித்துக்கொண்டே இணைப்பைத் துண்டிப்பேன்.

வரலாறு பேசுகிறவர்கள் அமைதியானவர்கள் என்று நினைத்திருந்தேன். ஒரு கண்மாயை யார் வெட்டியது என்று ஆரம்பித்தால் மூன்றாவது மடலில் "எங்க ஆளுக" வந்துவிடும். ஐந்தாவது மடலில் அப்பன் பாட்டனை இழுப்பார்கள். அந்த மாதிரி மடல்களை என்ன செய்வதென்று எனக்கு முதலில் தெரியவில்லை. உள்ளே விடலாம், இல்லையென்றால் திருப்பி அனுப்பலாம். திருப்பி அனுப்பினால் ஏன் என்று கேட்பார்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். எனக்கு அது நடுக்கம். ஆனால் எப்படியும் எழுத்தை மாற்றுவதற்காக மடலைத் திறந்துதானே வைத்திருக்கிறேன்? ஒரு வரியை எடுத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? ப்ரூஃப் பார்க்கிறவள் கை சும்மா இருக்காது.

குழுவில் ஒரு பெரியவர் இருந்தார். திருப்பரங்குன்றத்தில் வீடு. அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கல்வெட்டு எழுத்தை அவரைப் போலப் படிக்க அங்கே வேறு யாரும் இல்லை. அவருடைய மடலைப் படிப்பதற்காகவே பாதிப் பேர் குழுவில் இருந்தார்கள். ஆனால் யாராவது பிழையாக எழுதிவிட்டால் அவருக்குப் பொறுக்காது. வசவு வந்து கொட்டும். ஒரு தடவை யாரையோ திட்டுகிற வேகத்தில், வடக்கேயிருந்து நூல் சுற்ற வந்த கூட்டத்துக்கெல்லாம் பாண்டியன் கதை எதற்கு என்று எழுதியிருந்தார். எங்கள் அப்பா தறி போட்டவர். அந்த வரியையும் எடுத்துவிட்டு, மீதியை உள்ளே விட்டேன். மீதி நல்ல மடல்தான். கீழக்குயில்குடிப் பக்கத்துப் பாறை ஒன்றைப் பற்றியது.

இன்னொருவர் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். மானாவாரி நிலமும் நான்கைந்து மாடுகளும் வைத்திருந்தார். சந்தைக்கு வரும் நாளில் உசிலம்பட்டியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மெல்ல மெல்ல அடிப்பார். பேசுகிற மாதிரியே எழுதுவார். அவர் நிலத்து வரப்பில் ஒரு நடுகல் இருந்தது. மாடு களவாட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த ஒருவனுக்கு வைத்த கல் என்பது அவர் எண்ணம். கல்லில் நான்கு வரி எழுத்து. அதை எழுத்துக்கூட்டிப் படித்து வாரம் ஒரு மடல் போடுவார். பாதி தப்பாக இருக்கும்.

பெரியவர் அவருக்கு எழுதிய முதல் மடல் எனக்கு இன்னும் மனப்பாடம். "மாட்டுச் சாணி அள்ளுகிற கைக்கு எவன் கம்ப்யூட்டர் கொடுத்தான்? மாட்டைப் பிடித்துக்கொண்டு போ. மூன்றாவது வரியில் நீ படித்தது தவறு. அது ஆள் பெயர் இல்லை, ஊர்ப் பெயர்."

நான் உள்ளே விட்ட மடல் இது: "மூன்றாவது வரியில் நீங்கள் படித்தது தவறு. அது ஆள் பெயர் இல்லை, ஊர்ப் பெயர்."

உசிலம்பட்டிக்காரர் மறுவாரமே பதில் போட்டார். "ரொம்ப நன்றிங்கய்யா. நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஊரு இன்னமும் அந்தப் பேருலதேன் இருக்கு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு சண்டை நடக்காமல் போனதே என்று.

அதற்குப் பிறகு ஆறேழு மடல்கள் அப்படி வந்தன. ஒவ்வொன்றும் முந்தையதைவிட மோசமாக இருந்தது. ஏன் இவருக்கு இவ்வளவு ஆத்திரம் என்று எனக்குப் புரியவில்லை. தான் எழுதியதைத் திரும்பப் படிக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது என்பதை நான் யோசிக்கவே இல்லை. அவர் காறித் துப்புகிறார், அந்தப் பக்கத்திலிருந்து நன்றி ஐயா என்று பதில் வருகிறது. தன்னைக் கேலி செய்கிறான் என்றுதானே அவர் நினைத்திருப்பார்?

அந்த வசவுகளையெல்லாம் படித்த ஒரே ஆள் நான்தான். யாரையோ திட்டியது எல்லாம் என் மடியில் வந்து விழுந்தது. மாலையில் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுகூட அந்தச் சொற்கள் காதுக்குள் ஓடும். அண்ணியிடம் சொல்லலாம் என்றால், "அந்தக் கம்ப்யூட்டர எதுக்குத் தொறக்குறே?" என்று எங்கள் பேச்சில் கேட்பாள். அதோடு முடிந்துவிடும்.

எடுப்பதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு நாள் பெரியவர் மடலில் வசவைக் கழித்துப் பார்த்தால் ஒன்றரை வரிதான் மிஞ்சியது. மொட்டையாக இருந்தது. பத்திரிகை அடிக்கிற கை தானாகக் கீழே "அன்புடன்" என்று போட்டது. அதற்கும் மேலே ஒரு வரி: "உங்கள் முயற்சி பாராட்டுக்குரியது." எதற்காக அதைச் சேர்த்தேன் என்று பிற்பாடு எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தேன். அந்த மனிதர் மூன்று மாதமாக ஒரு கல்லோடு மல்லுக்கட்டுகிறார், அவரிடம் ஒருத்தராவது இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நான் என் பெயரில் சொல்லியிருக்கலாம். என் பெயரில் எதையும் சொல்லிப் பழகாதவள் நான்.

அந்த வாரம் உசிலம்பட்டிக்காரர் எனக்குத் தனி மடல் போட்டார். "அண்ணே, பெரியவரு பாராட்டிட்டாரு பாத்தீகளா. எம்புட்டுப் பெரிய மனுசன். நேர்ல பாத்துக் கும்பிடணும்ணே. எல்லாரும் ஒரு நா கூடலாம்ல?"

குழுவிலும் பலருக்கு அந்த ஆசை இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திருப்பரங்குன்றம் மலையின் பின்பக்கக் குடைவரையில் கூடுவது என்று முடிவாயிற்று. பெரியவருக்கு வீடு பக்கத்திலேயே. "மட்டுறுத்துனர் அண்ணே, நீங்களும் கட்டாயம் வரணும்" என்று எழுதினார்கள். பார்க்கிறேன் என்று எழுதினேன்.

போனேன். ஆனால் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சாமி கும்பிட வந்தவள் மாதிரி கையில் ஒயர் கூடையோடு வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொண்டேன். இத்தனை நாளாக எழுத்தாகவே தெரிந்தவர்களை முகத்தோடு பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. எட்டு ஒன்பது பேர் வந்தார்கள். யார் யாராக இருக்கும் என்று ஒவ்வொருவராகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். பெரியவரைத் தெரிந்துகொள்ளச் சிரமமே இல்லை. மெலிந்த உடம்பு, சலவை வேட்டி. குடைவரைச் சுவரைக் காட்டி அவர் பேச, மற்றவர்கள் கைகட்டிக் கேட்டார்கள். குரல் இனிமையாக இருந்தது.

உசிலம்பட்டிக்காரர் தாமதமாக வந்தார், மனைவியோடு. தேய்த்த சட்டை, கக்கத்தில் சுருட்டிய பெரிய தாள். மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பையிலிருந்து வெள்ளரிக்காயை எடுத்து நீட்டினார்.

"நம்ம காட்டுக் காயிக்கா, சாப்புடுங்க. நீங்களும் கல்லுப் பாக்கவா வந்தீக?"

சும்மா என்று தலையை ஆட்டினேன்.

"எனக்கு இந்தக் கல்லு மண்ணெல்லாம் தெரியாதுக்கா. ஒரு பெரிய மனுசரு இவரப் பாராட்டி எழுதிட்டாராம். அதத் தாள்ல எடுத்துக்கிட்டு வந்து சட்டப் பைக்குள்ளயே வச்சுக்கிட்டுத் திரியுறாரு. போன வாரம் தொவைக்கப் போட்டுட்டேன். ஏ கிறுக்கச்சி, என் சர்டிபிகேட்ட தண்ணிக்குள்ள முக்கிட்டியேன்னு ஒரே ரகள. நாந்தேன் பிரிச்சு வெயில்ல காய வச்சேன்." அவர் சிரித்தார். "அவர நேர்ல பாக்கணும்னு என்னையும் கூட்டிட்டு வந்துட்டாரு. மாட்ட யாரு பாக்குறதுன்னேன். பக்கத்து வீட்ல சொல்லிட்டேன், நீ கெளம்புன்னுட்டாரு."

அதற்குள் உசிலம்பட்டிக்காரர் பெரியவரிடம் போய்விட்டார். "ஐயா, வணக்கங்கய்யா. நாந்தேன் அந்த நடுகல்லுக்காரேன்."

"நீயா?"

"ஆமாங்கய்யா. கல்ல மையில படியெடுத்துக் கொண்டாந்திருக்கேன். ஒரு பார்வ பாத்துச் சொல்லுங்க." தாளைத் தரையில் விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தார்.

பெரியவர் தாளைப் பார்க்கவில்லை. "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்தே?"

விளையாட்டு என்று நினைத்து உசிலம்பட்டிக்காரர் சிரித்தார். பெரியவருக்கு முகம் கறுத்தது.

"சிரிக்கிறியா? மாட்டுக்காரப் பயலேன்னு எழுதினேன். நன்றிங்கய்யாங்கிற. கைநாட்டுப் பரம்பரைன்னு எழுதினேன். வணக்கங்கய்யாங்கிற. என்னைய நக்கலா பண்ணுறே? சூடு சொரண உள்ளவன் செய்யிற காரியமா இது?"

"நீங்க அப்பிடியெல்லாம் எழுதலையேய்யா..."

"பொய் வேற."

உசிலம்பட்டிக்காரர் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். தண்ணீரில் நனைந்து காய்ந்து மொரமொரவென்று இருந்தது. "இந்தா பாருங்கய்யா. முயற்சி பாராட்டுக்குரியதுன்னு நீங்கதானே போட்டிருக்கீக."

பெரியவர் வாங்கிப் படித்தார். எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார். "இத நான் எழுதல. அன்புடனாம்! நான் எவனுக்குடா அன்புடன் போட்டேன்? நீயே அடிச்சு எடுத்துக்கிட்டு வந்து, பெரியவரு என்னையப் பாராட்டுனாருன்னு ஊரு பூராம் காட்டிக்கிட்டுத் திரியுறியா? பித்தலாட்டக்காரப் பயலே."

சுற்றி நின்றவர்களில் கண்ணாடி போட்ட ஒருவர், "ஐயா, குழுவுல அப்பிடி வந்த மாதிரிதான் ஞாபகம்..." என்று இழுத்தார்.

"எனக்குத் தெரியாதா நான் எழுதினது?"

அவர் அதோடு வாயை மூடிக்கொண்டார். இன்னொருவர் சொன்னார்: "மட்டுறுத்துனரக் கேட்டாத் தெரிஞ்சிரும். அவரு வந்திருக்காரா?"

"வரலபோல."

நான் எழுந்து நின்றது ஞாபகம் இருக்கிறது. பத்தடி தூரம்கூட இல்லை. கையில் கடித்த வெள்ளரிக்காய். வாய் ஒட்டிக்கொண்டது. "நான்தான்" என்று ஒரு சொல். அது வரவில்லை. எழுந்தவள் ஒயர் கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

உசிலம்பட்டிக்காரர் குனிந்து நான்கு கற்களையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத் தாளைச் சுருட்டினார். அவசரப்படவில்லை. மனைவியைப் பார்த்து, "வா, போவோம்" என்றார். அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு, அந்த நேரத்திலும் என்னிடம் திரும்பி, "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அடுத்த சந்தை நாளில் அவருடைய தனி மடல் வந்தது.

"அண்ணே, நடந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கு ஒண்ணும் புரியலண்ணே. நீங்க மட்டும் அன்னைக்கு வந்திருந்தா அவர அப்பிடிப் பேச விட்டிருக்க மாட்டீக. போனது போகட்டும். நான் பித்தலாட்டக்காரன் இல்லைன்னு குழுவுல நீங்க ஒரு வார்த்த எழுதுங்க. அது போதும். எங்க வீட்டாளு எதுவும் கேக்கல. அதுதேன் ஒருமாதிரியா இருக்கு."

நான்கு நாள் எழுதவில்லை. பத்திரிகைகள் நிறைய இருந்தன, முகூர்த்த மாதம். ஐந்தாம் நாள் மதியம் ஒரு மடல் அடித்தேன். எழுத்துருவை மாற்றும்போது ஏற்பட்ட கோளாறினால் சில மடல்களில் சொற்கள் மாறிவிட்டன, வருந்துகிறோம். நன்றாகத்தான் இருந்தது. எல்லோரும் நம்புவார்கள். யார் மேலும் பழி வராது. அதுவும் "வருந்துகிறோம்" என்று பன்மையில் போட்டதில் நான் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டிருந்தேன். அனுப்பும் பொத்தான் வரை போய் நிறுத்தினேன். ஃபான்ட் மாறினால் சொல் கிளறிப்போகும், "பாராட்டுக்குரியது" என்று புதிதாக ஒரு சொல் முளைக்குமா? கண்ணாடிக்காரர் யோசிக்கமாட்டார். உசிலம்பட்டிக்காரர் யோசிப்பார். நான்கு வரிக் கல்லை மூன்று மாதம் உட்கார்ந்து படித்தவர் அவர்.

அழித்துவிட்டு வேறு எழுதினேன். சிறிய மடல்தான். பெரியவருடைய மடல்களிலிருந்து வசவுகளை எடுத்தது நான், "நீ" என்பதை "நீங்கள்" ஆக்கியது நான், பாராட்டு வரியும் அன்புடனும் நான் சேர்த்தவை, உசிலம்பட்டிக்காரர் காட்டிய தாள் குழுவில் வந்த அதே மடல், அவர் எதையும் மாற்றவில்லை என்று எழுதினேன். கடைசியில் இதையும் சேர்த்தேன்: அன்று நான் வந்திருந்தேன். நீலச் சேலை கட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் வாங்கித் தின்றவள் நான்தான். அனுப்பிவிட்டு இணைப்பைத் துண்டித்தேன். முதலாளி வந்து, "என்னக்கா, இன்னைக்கு ராசா சீக்கிரம் போயிட்டாரு?" என்றார். தலைவலி என்றேன்.

மறுநாள் குழுவை ஆரம்பித்த வெளிநாட்டுக்காரர் எழுதியிருந்தார். "ஏங்க்கா, யாரு கேட்டா? ஃபான்ட் கோளாறுன்னு சொல்லி முடிச்சிருக்கலாம்ல." பெரியவரிடமிருந்து ஒரே வரி: இனி என் பெயரில் எவரும் எழுத வேண்டியதில்லை. அதோடு குழுவிலிருந்து விலகிவிட்டார். உசிலம்பட்டிக்காரரிடம் அவர் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. பெரியவரிடம் அதை எப்படி எதிர்பார்ப்பது? தான் திட்டியது திட்டாகவே போய்ச் சேர்ந்ததென்று நம்பிக்கொண்டிருந்தவர் அவர். மற்றவர்கள் ஒருவரும் எழுதவில்லை. ஒரு வாரம் திரை காலியாகவே இருந்தது.

பிறகு சந்தை நாள் வந்தது. உள்ளே விடுவதற்காக ஒரே ஒரு மடல் காத்திருந்தது, எப்போதும்போல அவருடைய ஃபான்டில், கோழி கிளறிய எழுத்தில். தனி மடல் இல்லை, குழுவுக்கு எழுதியது. மாற்றிப் படித்தேன்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் பித்தலாட்டக்காரன் இல்லைன்னு தெளிவாயிருச்சு. சந்தோசம். ஆனா மட்டுறுத்துனர் செஞ்சது எனக்கு ஒப்பல. ஒரு மனுசன் என்னையத் திட்டுறான்னா அது எனக்குத் தெரியணுமா வேணாமா? தெரிஞ்சிருந்தா நானே பதில் சொல்லிருப்பேன், இல்ல ஒதுங்கிருப்பேன். எங்க வீட்டாள அங்க கூட்டிட்டு வந்திருக்க மாட்டேன். எனக்குச் சேரவேண்டியதப் பிரிச்சுப் பாத்து, நல்லதா ஒண்ண வச்சுக் குடுத்தா அதுக்கு என்ன பேரு? அதவிட, பக்கத்துலயே ஒக்காந்திருந்தும் ஒரு வார்த்த சொல்லல. அவரு திட்டுனது மறந்துரும். இது மறக்காது. வீட்ல அந்த நீலச் சேலைக்காரக்கா நல்ல மாதிரின்னு சொல்லிக்கிட்டு இருக்கா. அது யாருன்னு நான் சொல்லல. இனிமே நான் இந்தக் குழுவுல இல்ல. கல்லுல நாலாவது வரியப் படிச்சிட்டேன். கீழ போட்டிருக்கேன். யாருக்காச்சும் ஆகும்."

கீழே நான்காவது வரி இருந்தது. அந்த வீரனோடு அவன் நாயும் செத்ததாக அவர் படித்திருந்தார். சரியா தப்பா என்று சொல்ல இப்போது குழுவில் யாரும் இல்லை.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வெளியே ஐஸ் வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. நான் அந்த மடலைத் திரும்பப் படித்தேன். "பக்கத்துலயே ஒக்காந்திருந்தும்" என்று தொடங்கும் வரியில் கண் நின்றது. கை அங்கே போயிற்று. ஒரே ஒரு வரி. அதை எடுத்தாலும் மீதி முழுசாக இருக்கும், சொல்ல வந்தது குறையாது. அவர்தான் விலகிவிட்டாரே, திரும்பப் படிக்கவா போகிறார்?

எழுத்தை மட்டும் மாற்றினேன். வேறு எதிலும் கை வைக்கவில்லை. உள்ளே விட்டேன்.

குழுவில் நானும் ஓர் உறுப்பினர் என்பதால் எனக்கும் ஒரு பிரதி வந்தது. எல்லோருக்கும் போன அதே மடல். எல்லோரும் படிக்கிற மாதிரி நானும் முதல் வரியிலிருந்து அதைப் படித்தேன்.